சோடாவில் போன ஐந்து மணி நேரம்

காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர் அவர். வயது 52. விடிகாலை நாலு மணி வாக்கில் நடு நெஞ்சில் மூட்டையை ஏற்றி வைத்தது போல ஓர் அழுத்தம் வந்திருக்கிறது. தாடை வரைக்கும் இழுத்திருக்கிறது. சட்டையைப் பிழியலாம், அவ்வளவு வியர்வை. பக்கத்தில் இருந்தவர்கள் "வாயு புடிச்சிக்கிச்சுண்ணா" என்று ஒரு கோலி சோடா உடைத்துக் கொடுத்தார்கள். ஏப்பம் வந்ததும் தேவலை போலத் தோன்றியது. வீட்டில் ஓமத் தண்ணீர், நெஞ்சில் தைலம், அப்புறம் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய கேஸ் மாத்திரை. தண்டையார்பேட்டையில் என் கிளினிக் படியை அவர் ஏறும்போது மணி ஒன்பது. தானாக நடந்து வந்தவர் என்பதால் நாலாவது டோக்கன் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். அது எங்கள் தப்பு. 'நெஞ்சு' என்று யாராவது சொன்னால் டோக்கன் பார்க்கக் கூடாது என்று அன்றுதான் சொல்லி வைத்தேன். ஈசிஜி காகிதம் வெளியே வந்தபோது படிக்கவே தேவையில்லாத அளவுக்குத் தெளிவாக இருந்தது: மாரடைப்பு.

உள்ளே நடந்தது இதுதான். ரத்தக்குழாயின் உள்சுவரில் இருந்த கொழுப்புத் திட்டு ஒன்று வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, குழாயை மொத்தமாக அடைத்துவிட்டது. அடைப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் இதயத் தசை அரை மணி நேரத்திலேயே சாக ஆரம்பித்துவிடும். ஆறு மணி நேரம் போய்விட்டால் காப்பாற்ற அதிகம் மிச்சம் இருக்காது. செத்த தசை மறுபடி வளராது, தழும்பாகிவிடும்.

அடைப்பைத் திறக்க இரண்டு வழி. ஒன்று, உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசி. 1988இல் வெளிவந்த, ஏறக்குறைய 17,000 பேரை வைத்து நடந்த ஐசிஸ்-2 ஆய்வில், சாதாரண ஆஸ்பிரின் மட்டுமே மரணங்களைக் கிட்டத்தட்ட கால்வாசி குறைத்தது. ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற அந்தக் கரைக்கும் ஊசியும் தனியாக அதே அளவு குறைத்தது. இரண்டும் சேர்ந்தபோது 42 சதவீதம். இன்னொரு வழி, 1977இல் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக் முதன்முதலில் செய்துகாட்டிய பலூன் முறை: அடைத்த இடத்தில் சின்ன பலூனை விரித்துக் குழாயைத் திறப்பது, அதாவது ஆஞ்சியோபிளாஸ்டி, சுருக்கமாக ஆஞ்சியோ. குழாய் மறுபடி மூடாமல் உள்ளே வைக்கும் கம்பிச் சுருளான ஸ்டென்ட் அதற்கு ஒன்பது வருடம் கழித்து வந்தது. 2003இல் 23 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஊசி போட்டவர்களில் 100க்கு 9 பேர், உடனடி ஆஞ்சியோபிளாஸ்டி செய்தவர்களில் 100க்கு 7 பேர் இறந்திருந்தார்கள். ஆக, ஆஞ்சியோதான் மேல்.

ஆனால் உடனடியாகச் செய்தால்தான் அது மேல். இந்த இடத்தில்தான் நம் ஊரில் தகராறு. "ஊசியெல்லாம் வேணாம் சார், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போய் நேரா ஸ்டென்ட்டே வெச்சுடறோம்" என்று சொல்லும் மகன்களை மாதம் ஒருவராவது பார்க்கிறேன். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற நாளில் நகரத்தின் மறுகோடிக்குப் போய்ச் சேரவே இரண்டு மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் தசை செத்துக்கொண்டே இருக்கும். வலி தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் வந்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ கிடைக்காதவர்களை வைத்து 2013இல் ஸ்ட்ரீம் என்ற ஆய்வு வந்தது. முதலில் ஊசி, பிறகு ஆஞ்சியோ என்று போனவர்களும் நேரே ஆஞ்சியோவுக்குப் போனவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தேறினார்கள். மூளையில் ரத்தக்கசிவு மட்டும் ஊசிக் குழுவில் சற்றுக் கூடுதல். அதனால் ஊசி எல்லோருக்கும் ஆகாது, மருத்துவர் கேட்டுப் பார்த்துத்தான் போடுவார். நம் தமிழ்நாட்டிலேயே 2012 முதல் 2014 வரை, சிறிய மருத்துவமனைகளையும் ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளையும் இணைத்து 2,420 நோயாளிகளைப் பின்தொடர்ந்தார்கள். ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். புது மருந்து எதுவும் கண்டுபிடித்து வந்த பலன் இல்லை இது. யாரை எங்கே, எவ்வளவு சீக்கிரம் அனுப்புவது என்ற ஒழுங்கால் வந்தது.

ஏலக்காரருக்கு மாத்திரைகளைக் கொடுத்து 108இல் ஏற்றி ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். மாத்திரை என்றதும் நினைவுக்கு வருகிறது: 2023இலிருந்து 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாடின் என்று மொத்தம் 14 மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்து அனுப்புகிறார்கள். பக்கத்தில் அந்த நிலையம்தான் இருக்கிறது என்றால் தயங்காமல் அங்கே போகலாம். பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிவராதீர்கள். பர்ஸில் வைத்திருக்கும் நெஞ்சு வலி மாத்திரையான சார்பிட்ரேட்டை யாரோ சொன்னார்கள் என்று நாக்குக்கு அடியில் வைக்காதீர்கள். சில வகை மாரடைப்பில் அது ரத்த அழுத்தத்தை அதல பாதாளத்துக்கு இறக்கிவிடும். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பின்போது வலியே இல்லாமல் மூச்சு வாங்கலாம், குமட்டலாம்.

சரி, இதற்கு நேர் எதிரான இன்னொரு கதை. வியாசர்பாடியில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். நெஞ்சு வலி கிடையாது. மகள் வற்புறுத்தியதால் முழு உடல் பரிசோதனை, அதில் டிரெட்மில் சோதனை சரியில்லை என்று ஆஞ்சியோகிராம் (இதய ரத்தக்குழாய்களைப் படமெடுப்பது), அதில் ஒரு குழாயில் 70 சதவீத அடைப்பு. ஒரு தனியார் மருத்துவமனையில் அவர் மேஜை மேல் படுத்திருக்கும்போதே மகள் எனக்குப் போன் செய்தார்: "இன்னிக்கே வெக்கலைன்னா எப்ப வேணா அட்டாக் வரலாம்னு சொல்றாங்க டாக்டர். நகையை அடகு வெக்கட்டுமா?"

அவசரம் வேண்டாம் என்றேன். வெளியே வந்து இன்னொருவரிடம் கேளுங்கள் என்றேன். 2007இல் கரேஜ் ஆய்வு 2,287 பேரை வைத்தும், 2020இல் இஸ்கீமியா ஆய்வு 5,179 பேரை வைத்தும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொன்னன. நிலையாக இருக்கும் இதய நோயில், நல்ல மாத்திரைகளோடு ஸ்டென்ட்டும் வைத்தவர்கள் மாத்திரை மட்டும் எடுத்தவர்களைவிட அதிகம் பிழைக்கவில்லை. காரணம் மேலே சொன்ன கொழுப்புத் திட்டுதான். வெடிக்கிற திட்டு பல நேரம் பாதி அடைப்புகூட இல்லாத ஒன்றாக இருக்கும். 70 சதவீத இடத்தில் கம்பிச் சுருள் வைத்துவிட்டால் பக்கத்தில் இருக்கும் 30 சதவீதம் வெடிக்காது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. மாத்திரை எல்லாத் திட்டுகளுக்கும் போய்ச் சேரும். இது எல்லோருக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்: இடது பிரதானக் குழாயில் அடைப்பு, இதயத்தின் இயக்கம் குறைந்திருப்பது, ஓய்விலும் வலி வருவது, மாத்திரைக்கு அடங்காத வலி, இவையெல்லாம் வேறு கணக்கு. மருந்தில் தீராத வலிக்கு ஸ்டென்ட் நிஜமாகவே நிவாரணம் தரும்.

பெரியவர் மூன்று வருடமாக மாத்திரையோடு நடந்துகொண்டிருக்கிறார். மகள் இன்னும் என்னை முழுதாக நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

ஏலக்காரர் பிழைத்தார். ஊசி போட்டு மறுநாள் ஆஞ்சியோ செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். எக்கோ ஸ்கேனில் இதயத்தின் பம்ப் சக்தி 35 சதவீதம். ஐஸ் பெட்டியெல்லாம் இனி தூக்க முடியாது. நாலாவது மாதம் வந்து, "அதான் ஸ்டென்ட் வெச்சாச்சே சார், இன்னாத்துக்கு இவ்ளோ மாத்திரை?" என்றார். ஒரு மாத்திரையை அவராகவே நிறுத்தியிருந்தார். எதை என்று பார்த்தால் குளோபிடோக்ரல், ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறையாமல் வைத்திருக்கும் மாத்திரை. அங்கேயே ஒன்றை விழுங்க வைத்தேன். இப்போது ஒவ்வொரு மாதமும் காலி அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், எண்ணிப் பார்க்க.