ட்ராமா: அதிர்ச்சியா, வடுவா, காயமா?

கிரேக்க மொழியில் தொடர்பே இல்லாத இரண்டு சொற்கள் தமிழ் எழுத்துக்குள் வந்ததும் ஒன்றாகிவிடுகின்றன. ஒன்று 'செய்தல்' என்ற வினையிலிருந்து பிறந்து நாடகத்தைக் குறிப்பது (drama). மற்றொன்று 'காயம்' என்று பொருள்படுவது (trauma). முதலெழுத்தின் ஒலி வேறுபாட்டை நம் எழுத்து காட்டுவதில்லை என்பதால் இரண்டையும் 'ட்ராமா' என்றே எழுதுகிறோம். 'அவள் இன்னும் ட்ராமாவிலிருந்து மீளவில்லை' என்ற வரியும், 'ட்ராமா போடாதே' என்ற அதட்டலும் ஒரே எழுத்துக்களில் நிற்கின்றன. துன்புறுத்தலுக்கு உள்ளானவர்களைப் பற்றிய புனைகதைகளைப் படிப்பவர்கள் இதை எழுத்துக் குழப்பம் என்று தள்ளிவிட மாட்டார்கள். நடந்ததைச் சொல்ல வாயெடுக்கும் குழந்தையின் காதில் முதலில் விழுவது பல கதைகளில் 'நடிக்காதே' என்பதுதான்.

மருத்துவத்தில் இந்த இரண்டாவது சொல் நெடுங்காலம் உடற்காயத்தை மட்டுமே குறித்தது. விபத்துச் சிகிச்சைப் பிரிவுகளில் இன்றும் அதுவே பொருள். 19ஆம் நூற்றாண்டில், ரயில் விபத்தில் பெரிய காயமின்றித் தப்பியவர்கள் மாதக்கணக்கில் நடுக்கமும் உறக்கமின்மையும் கொண்டு தவித்ததை மருத்துவர்களால் எளிதில் விளக்க முடியவில்லை. ஜெர்மானிய நரம்பியல் மருத்துவர் ஹெர்மன் ஓப்பன்ஹைம் 1889இல் இத்தகைய நிலைகளுக்குக் காயத்தின் பெயரையே சூட்டினார், என்றாலும் அவர் காரணத்தை நரம்பு மண்டலத்தில்தான் தேடினார். 1893இல் வியன்னா மருத்துவர்களான பிராயரும் ஃப்ராய்டும், தாக்கிய நிகழ்வின் நினைவு, உடலுக்குள் புகுந்த அயற்பொருளைப் போல, நெடுநாள் கழித்தும் உள்ளிருந்து வினையாற்றிக்கொண்டே இருக்கிறது என்று எழுதியபோது சொல் உள்ளத்துக்கும் இடம் பெயர்ந்தது. முள் குத்திய கணம் அன்று, உள்ளே தங்கிவிட்ட முள்ளே நோய். 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இந்நிலை தனி நோயாக இடம்பெற்றது. போர்வீரரின் துன்பமும், வீட்டுக்குள் வதைபட்ட பெண்கள், குழந்தைகளின் துன்பமும் ஒரே இயல்புடையவை என்று 1992இல் அமெரிக்க உளமருத்துவர் ஜூடித் ஹெர்மன் விரிவாக எடுத்துக்காட்டினார்.

தமிழில் இதற்குப் பெரிதும் வழங்குவது 'அதிர்ச்சி' அல்லது 'பேரதிர்ச்சி'. அது தாக்கிய நொடியைச் சொல்கிறது; தங்கிப்போனதைச் சொல்வதில்லை. ஆண்டுக்கணக்கில் ஒரே வீட்டில், ஒரே கையால் நடந்த கொடுமையில் 'அதிர்ச்சி' என்று சுட்ட ஒரு நொடிகூட இல்லாமல் இருக்கலாம்.

'மனவடு' அழகான சொல். 'தீயினாற் சுட்டபுண் உள்ளாறும்' என்ற குறள், ஆறும் புண்ணையும் ஆறாத வடுவையும் பிரித்துக் காட்டி அதற்கு மரபும் தந்திருக்கிறது. எனக்கு இருக்கும் தயக்கம் வேறு. வடு என்பதற்குக் குற்றம், பழி என்றும் பொருள் உண்டு. 'வடுவன்று வேந்தன் தொழில்' என்று அதே நூல் அப்பொருளிலும் ஆள்கிறது. காயம் பட்டவர் மீதே பழி ஏறும் இந்த வழக்கம் நம் மொழிக்குப் புதிதன்று. மார்பில் பட்டால் விழுப்புண், முதுகில் பட்டால் புறப்புண். எதிரே நின்று எறிந்த வேல் உருவிச் சென்று முதுகில் புண்ணாக்கியதற்கும் நாணி வடக்கிருந்த (வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விடத் துணிந்த) சேரமான் பெருஞ்சேரலாதனைப் புறநானூறு பாடுகிறது. எறிந்தவனுக்கு நாணமில்லை, ஏற்றவனுக்கு நாணம். எனவே 'உளக்காயம்' என்பதே என் தேர்வு. அது பழி சுமத்தாத, வெறும் மருத்துவச் சொல். கேட்டவுடன் யார் செய்த காயம் என்ற கேள்வி எழுகிறது.

இந்தக் காயம் கதையில் எப்படித் தெரியும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டை நானே எழுதிப் பார்க்கிறேன். 'அன்று மழை பெய்தது. அக்கா கடைக்குப் போயிருந்தாள். அவர் கதவைச் சாத்தினார். சாவிக்கொத்தை மேசைமேல் வைக்கிறார். அதில் ஐந்து சாவிகள். அவள் எண்ணுகிறாள்.' நான்காம் வாக்கியத்தில் இறந்தகாலம் நிகழ்காலமாக உடைகிறது. தன் கதையை 'நான்' என்று சொல்லும் ஒருத்தியின் வரிகள் இவை என்று கொண்டால், கடைசி வரியில் அந்த 'நான்' என்பதும் 'அவள்' ஆகிவிட்டது. முகம் இல்லை, சாவி இருக்கிறது. கவனக்குறைவான மெய்ப்புத் திருத்துநர் இதைக் காலவழு, இடவழு என்று சரிசெய்துவிடுவார். கதை அங்கேதான் உண்மை பேசுகிறது: உளக்காயத்தில் அந்த நினைவு கடந்தகாலத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. இப்படிப்பட்ட பத்தியைப் படிக்கும், அதே அனுபவம் உள்ள வாசகர் தனக்கு மட்டும் நேர்ந்த பித்து என்று எண்ணியிருந்த ஒன்றுக்கு இலக்கணம் இருப்பதைக் காண்கிறார். அன்று வெளியேற முடியாமல் போன அறையிலிருந்து இன்று பக்கத்தை மூடி வெளியேறவும் அவரால் முடியும். முடியாத நாளில் மூடிவிடுவதே சரி.

அத்தகையவரைத் தமிழில் எப்படி அழைப்பது என்பதிலும் பழியின் நிழல் உண்டு. 'பிழைத்தவர்' என்றால் உயிர் தப்பியவர், தவறு செய்தவர் இரண்டும்தான். 'கற்பழிப்பு' என்ற சொல்லை விடுத்துப் 'பாலியல் வன்கொடுமை' என்று எழுதத் தொடங்கியதும், பாதிக்கப்பட்டவர் எதையோ இழந்தார் என்ற தொனியை நீக்கிச் செய்தவனின் செயலைச் சுட்டத்தான். 'மீண்டவர்' எனக்குப் பிடித்த சொல். மீளாதவர்களை அது வெளியே நிறுத்திவிடுகிறது என்ற மறுப்பு நியாயமானது என்பதால், தேவையான இடத்தில் 'மீண்டு வருபவர்' என்றே எழுதுகிறேன்.

கடைசியாக, காயத்தோடு வாழப் பழகும் அந்த நீண்ட வேலைக்கு ஒரு சொல். 'ஏற்றுக்கொள்ளுதல்' என்றால் நடந்ததற்கு ஒப்புதல் தந்ததுபோல் ஒலிக்கிறது. 'சமாதானம்' என்றால் செய்தவனோடு கைகுலுக்கியதுபோல். 'தேறுதல்' இரண்டும் அன்று. நோயிலிருந்து உடல் தேறுவதும், கலங்கிய மனம் தெளிவதும் அதில் உண்டு. 'தேறற்க யாரையும் தேராது' என்ற குறளில் அதே வினை நம்புதலைக் குறிக்கிறது. யாரையும் நம்ப முடியாமல் போனவர், ஆராய்ந்து பார்த்து, மெல்ல ஒருவரையேனும் நம்பத் தொடங்குவதும் அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.