அப்பாவைச் சும்மா உட்கார வைக்காதீர்கள்

"டாக்டர், அப்பா தினமும் ஒரு மணி நேரம் சுடோகு போடறார். அவருக்கு எப்படி மறதி நோய் வரும்?" இந்த மாதமும் இதே கேள்வி. வேறு என்ன செய்கிறார் என்று விசாரித்தால், ரிட்டயர் ஆனதிலிருந்து ஒரு வேலையும் அவரைச் செய்ய விடுவதில்லையாம். பெருமையாகவே சொல்கிறார்கள். பேங்க் வேலை மகனின் போனில் முடிந்துவிடுகிறது. காய்கறி ஆப்பில் வருகிறது. அம்மாவுக்கு அடுப்படியிலிருந்து விடுதலை. பாசத்தில் செய்வதுதான், ஆனால் மூளைக்கு இருந்த வேலையையெல்லாம் பிடுங்கிக்கொண்டு கையில் ஒரு கட்டப் புதிரைக் கொடுத்தாயிற்று.

தினமும் சுடோகு போட்டால் சுடோகு நன்றாக வரும். அவ்வளவுதான். ஆரம்பத்தில் திணறிய கட்டம் ஆறு மாதத்தில் பழகிப்போய், கை தானாக நிரப்புகிறது. அந்தத் திறமை கடைக் கணக்குக்கோ, ஆள் பெயரை நினைவில் வைப்பதற்கோ பெரிதாகக் கைகொடுப்பதில்லை. பிடித்தால் போடட்டும், தடையில்லை. அதையே காப்பு என்று நம்பி மற்றதை விட்டுவிடாதீர்கள். மூளைக்கு வேண்டியது புதிதாக, கொஞ்சம் கடினமாக, முடிந்தவரை இன்னொரு ஆளோடு செய்கிற வேலை.

லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் 2024 அறிக்கை, மறதி நோய்க்கு நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிடுகிறது. எல்லாவற்றையும் கவனித்தால் மறதி நோயில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்கிறது. பி.பி., சுகர், கொலஸ்ட்ராலோடு தனிமை, மனச்சோர்வு, காது கேளாமை, பார்வைக் குறைவு ஆகியவையும் அதில் உள்ளன. ஃபின்லாந்தில் 60 முதல் 77 வயதுள்ள 1,260 பேரிடம் நடந்த ஆய்வில் உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, பி.பி. கண்காணிப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தபோது பலன் தெரிந்தது. பழியையோ பெருமையையோ ஒன்றின் தலையில் மட்டும் கட்ட முடியாது. இன்னொன்று: நோய் வெளியே தெரிவதற்குச் சில வருடங்கள் முன்பே சிலர் தானாக ஒதுங்கத் தொடங்குவார்கள். அதனால் "யாரோடும் பேசாததால்தான் வந்தது" என்று வீட்டில் ஒருவரையொருவர் குற்றம் சொல்லாதீர்கள்.

சரி, என்ன செய்வது? முதலில் வேலையைத் திருப்பிக் கொடுங்கள். கேஸ் புக்கிங், மின்கட்டணம், வாரச் சந்தை. வாங்க வேண்டிய ஏழெட்டுப் பொருளைச் சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளட்டும். நினைவிலிருந்து வாங்கிவிட்டு, கிளம்பும் முன் சீட்டை எடுத்துச் சரிபார்க்கட்டும்.

பேரப்பிள்ளையோடு பல்லாங்குழி ஆடலாம். 14 குழி, குழிக்கு ஐந்து காய். அள்ளுவதற்கு முன்பே, கடைசிக் காய் எந்தக் குழியில் விழும் என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் ஆட்டத்தின் தரமே மாறிவிடும். ஆடுபுலியில் ஆட்டத்துக்கு ஆட்டம் பக்கம் மாறுங்கள். மூன்று புலியை வைத்துத் துரத்துவதும் 15 ஆட்டை வைத்து வழியடைப்பதும் வெவ்வேறு யோசனை. பஜனைக்குப் போகிறவர்கள், நாற்பது வருடமாகப் பாடுவதையே பாடாமல் மாதம் ஒரு புதுப் பாட்டு கற்கலாம். நான்காவது வாரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பாடட்டும்.

20 நிமிடத்தில் தொடங்கி முக்கால் மணி வரை, வாரம் மூன்று நான்கு நாள் போதும். பத்தில் எட்டு முறை ஜெயித்தால் கடினத்தைக் கூட்டுங்கள். பாதிக்கு மேல் தோற்றால் குறையுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுவார்கள். டி.வி. கணக்கில் வராது. வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்புவதும் வராது.

"அம்மாவுக்குக் கூட்டம் பிடிக்காது" என்பார்கள். பல நேரம் அம்மாவுக்குக் காது கேட்காது! பேச்சு பிடிபடாததால் ஒதுங்குகிறார். காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்த்து, ஆடியோகிராம் (காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் பரிசோதனை) எடுங்கள். காது கருவி வாங்கிய முதல் நாளே கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிப்போனால், இரைச்சல் தாங்காமல் மறுநாள் அது மேஜை டிராயருக்குப் போய்விடும். முதல் வாரம் அமைதியான அறையில், ஒரே ஆளோடு, ஒன்றிரண்டு மணி நேரம். பிறகு டி.வி. பார்க்கும்போது. கல்யாண மண்டபமெல்லாம் சில வாரம் கழித்து. 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள முதியவர்களிடம் காது கருவி மூன்று ஆண்டுகளில் சிந்தனைத் திறன் சரிவை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. எல்லோருக்கும் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆனாலும் டிராயரில் கிடக்கும் கருவியால் யாருக்கும் லாபமில்லை.

தயவுசெய்து, சொந்தக்காரர்கள் முன்னால் "இவர் யாரு, சொல்லுங்க பார்ப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். இரண்டு முறை தலைகுனிந்தவர் மூன்றாவது முறை அறையை விட்டே வரமாட்டார்.

சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது வேறு. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, பழகிய தெருவில் வழி தவறுவது, வழக்கமாகப் போடும் கணக்கில் குழம்புவது வேறு. இவற்றுக்குப் பல்லாங்குழி மருந்தல்ல, டாக்டரிடம் வர வேண்டும். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு, மனச்சோர்வு எல்லாமே மறதி நோய் போல வேஷம் போடும், மூன்றுக்கும் சிகிச்சை உண்டு. வரும்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். தூக்க மாத்திரையும், கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரையும் உட்பட. சில சமயம் குழப்பத்துக்குக் காரணமே அந்தப் பையில்தான் இருக்கும்.