லென்ஸ் மீது பழி போடாதீர்கள்: பூநாரைப் படத்தைக் கெடுப்பது கானல்

மும்பை செம்பூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஐரோலியில் படகேறி, 600 மி.மீ. லென்ஸில் பூநாரைகளை (ஃபிளமிங்கோ) எடுத்தேன். நேரம் காலை பத்தரை, தூரம் சுமார் 100 மீட்டர், ஷட்டர் 1/2500. ஃபோகஸ் கண்ணில்தான் இருந்தது. ஆனாலும் எல்லாப் படமும் மசமசவென்று இருக்கிறது. லென்ஸை சர்வீஸுக்குக் கொடுக்கட்டுமா?"

கொடுக்க வேண்டாம். முதலில் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். காலை வேளையில், வெயில் படாத காரிடாரில், 15 மீட்டர் தள்ளி ஒரு செய்தித்தாளை ஒட்டி, ட்ரைபாடில் வைத்து எடுங்கள். பொடி எழுத்து கூர்மையாக விழுந்தால் லென்ஸில் குறை இல்லை. உங்களுக்கும் பறவைக்கும் நடுவே சூட்டில் நெளிந்த காற்றுதான், அதாவது கானல்தான் காரணம்.

சூடான காற்று அடர்த்தி குறைந்தது, அதில் ஒளிவிலகல் எண்ணும் குறையும் என்பது பள்ளிப் பாடம். குறைவது எவ்வளவு? ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். இவ்வளவு சிறிய எண் படத்தைக் கெடுக்குமா என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெயிலில் காயும் கருஞ்சேற்றின் மேலே, 10 செ.மீ. உயரத்துக்கு ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றில் 10 மீட்டர் பயணித்தாலே ஒளிக்கதிர் 0.0001 ரேடியன் வளைந்துவிடும். உங்கள் கேமராவின் பிக்சல் 4 மைக்ரான் என்றால், 600 மி.மீ. லென்ஸில் ஒரு பிக்சல் பார்க்கும் கோணம் அதில் பதினைந்தில் ஒரு பங்குதான்.

இதில் என்னை இன்றும் வியக்க வைப்பது, அந்த 10 மீட்டர் சூடான காற்று எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து விளைவு தலைகீழாக மாறுவது. அது பறவையின் காலடியில் இருந்தால், வளைந்த கதிர் விலகிப்போக இடமே இல்லை. பறவையின் மேல் விலகல் சராசரி அரை மில்லிமீட்டர், ஒரு பிக்சலுக்கும் குறைவு. அதே காற்று உங்கள் கேமராவின் முன்னால் இருந்தால், அங்கே வளைந்த கோணம் மீதி 90 மீட்டர் முழுக்க விரிந்துகொண்டே போகும். விலகல் ஏறக்குறைய ஒரு செ.மீ., அதாவது 14 பிக்சல். கண் இருக்க வேண்டிய இடத்தில் கன்னம் வந்து விழும். பட்டர் பேப்பரை எழுத்தின் மேல் ஒட்டி வைத்தால் படிக்க முடிகிறது, தூக்கிக் கண்ணருகே கொண்டுவந்தால் ஒன்றும் தெரிவதில்லை அல்லவா, அதே கதைதான்.

ஆகவே தூரத்துச் சேற்றைவிட உங்கள் லென்ஸ் முனையில் இருப்பதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். படகின் எஞ்சின் புகைக்கு மேலாக எடுக்காதீர்கள், முன்முனையில் உட்காருங்கள். சிமென்ட் ஜெட்டியின் தரையை ஒட்டிப் படுக்காதீர்கள். காரில் ஏசி ஓட, கண்ணாடியை இறக்கி எடுப்பது எல்லாவற்றிலும் மோசம்: குளிர்ந்த காற்றும் வெயில் காற்றும் லென்ஸ் வாயிலேயே கலக்கும். ஏசியை அணைத்து, எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிப் பத்து நிமிடம் பொறுங்கள். வெயிலில் காய்ந்த கறுப்பு லென்ஸ் ஹூட் உள்ளே சூடான காற்றை அடைத்து வைக்கும், அதையும் கழற்றிப் பாருங்கள். பறவையின் கண்மட்டத்துக்குத் தாழ்ந்து எடுப்பது அழகுதான், ஆனால் அது கதிரை மிக மோசமான காற்றடுக்கு வழியாகவே கூட்டி வருகிறது. 30 மீட்டருக்குள், அதிகாலையில் மட்டும் தாழுங்கள். மற்ற நேரத்தில் எழுந்து நில்லுங்கள்.

ஷட்டர் வேகம் ஓரளவுக்குத்தான் உதவும். 600 மி.மீ. எஃப்/4 லென்ஸின் முகம் 150 மி.மீ. அகலம். அதன் ஒவ்வொரு மூலைக்கும் வேறுவேறு காற்றுத் துண்டு வழியாக ஒளி வருவதால், எவ்வளவு வேகமாக எடுத்தாலும் அந்த நொடிப்பொழுதின் குழப்பம் படத்தில் பதியும். பத்து லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய லென்ஸும் இதிலிருந்து தப்பாது.

நிரந்தர வழி, பறவையைக் கிட்டத்தில், சூடேறும் முன் பிடிப்பது. மும்பையில் அதற்கு ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம் தெரிந்திருக்க வேண்டும். திதியின் எண்ணை முக்காலால் பெருக்கினால் உயர் ஓதத்தின் மணி தோராயமாக வரும், இது கொங்கண் கரையின் பழைய கணக்கு. அமாவாசை, பௌர்ணமியில் நண்பகல் வாக்கில் தண்ணீர் நிறையும். காலை ஆறு மணிக்குச் சேறு வெகுதூரம் திறந்து கிடக்கும், பறவைகளும் தொலைவில் இருக்கும். அஷ்டமிக்கு 8 × ¾, அதாவது காலை ஆறு, துவாதசிக்கு ஒன்பது. இந்த நாட்களில்தான் காலை வேளையில் தண்ணீர் பறவைகளைக் கரைப்பக்கம் தள்ளியிருக்கும். அஷ்டமி, நவமி ஒட்டி நீர்மட்டமும் மெதுவாகவே மாறுவதால் அவை ஓரிடத்தில் நீண்ட நேரம் மேயும். 'அஷ்டமி நவமியில் கிளம்பாதே' என்று மாதுங்காவிலும் தாராவியிலும் இன்னும் சொல்லும் பெரியவர்கள் உண்டு. சந்திரனும் சூரியனும் செங்கோணத்தில் நின்று இழுப்பதால் ஓதம் தணிந்திருக்கிறது, அந்த நாட்களின் விசேஷம் அவ்வளவே. தாராளமாகக் கிளம்புங்கள். துல்லிய நேரத்துக்கு ஓத அட்டவணையைப் பாருங்கள்.

தண்ணீர் முழுதும் ஏறினால் கூட்டம் நேருல் பக்கத்துக் குட்டைகளுக்குப் போய் ஓய்வெடுக்கும். 2022இல் பிஎன்ஹெச்எஸ் (பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம்) ஆறு பூநாரைகளுக்கு ஜிபிஎஸ் கருவி பொருத்தியது. இத்தகைய ஆய்வுக்கு அரசு ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன். எந்தக் குட்டையை மூடினால் எத்தனை பறவைகள் இடமிழக்கும் என்று வேறு எப்படித் தெரியும்?

விடியற்காலை என்பதாலேயே கானல் இராது என்று நம்பிவிடாதீர்கள். டிசம்பர், ஜனவரியில் கழித் தண்ணீர் காற்றைவிடச் சூடாக இருப்பதால் அப்போதும் நெளியும். கேமராத் திரையின் லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கிப் பூநாரையின் காலைப் பாருங்கள். கால் நெளிந்தால் கானல் இருக்கிறது. அப்போது 20, 30 படங்களாகத் தொடர்ந்து சுடுங்கள். காற்று ஒரு கணம் ஒழுங்காக அமைந்து, ஒன்றிரண்டு படம் மட்டும் தெளிவாக வரும். எல்லாப் படமும் ஒரே அளவில் மங்கினால் மட்டும் லென்ஸைச் சந்தேகியுங்கள். மென்பொருளில் மங்கலை நீக்கும் டீஹேஸ் போட்டால் நிறம் எடுப்பாகும், நெளிந்த இறகு நேராகாது. ஷார்ப்பன் செய்தால் அந்த நெளிவுதான் இன்னும் அழுத்தமாகத் தெரியும்.