பொட்டலத்தின் முதுகில் எழுதியிருப்பது

தீபாவளிக்கு முந்தின வாரம் மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர் மளிகைக் கடைகளில் நெய் டின்கள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கும். மலாய் மொழியில் நெய்க்கு 'மின்யாக் சாப்பி' என்று பெயர். சொல்லுக்குச் சொல் பொருள் பார்த்தால் மாட்டு எண்ணெய். டின்னின் முகத்தில் பசு மேயும். திருப்பிப் பார்த்தால், சில டின்களில் 'ரமுவான்', அதாவது சேர்மானங்கள் என்ற சொல்லுக்கு அடுத்து முதலில் நிற்பது செம்பனை எண்ணெய். ஊரைச் சுற்றியிருக்கும் தோட்டங்களில் வெட்டிய குலையிலிருந்து வந்த எண்ணெய்தான், நெய் வாசம் ஏறி, பசுவின் படத்துக்குப் பின்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதைச் சட்டமீறல் என்று சொல்ல முடியாது. உள்ளே இருப்பதை அவர்கள் எழுதித்தான் இருக்கிறார்கள், சிறிய எழுத்தில், பின்பக்கத்தில்.

பொட்டலத்தின் முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம் சட்டம். மலேசியாவின் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள்படி, சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுத வேண்டும். 'தூலேன்', அதாவது சுத்தமானது என்ற சொல்லுக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு: பதப்படுத்த இன்றியமையாதவை தவிர வேறு எதுவும் கலந்திருந்தால் அந்தச் சொல்லைப் போடக்கூடாது. ஆகவே நெய், தேன், குலா மெலாக்கா என்ற தென்னை வெல்லம் வாங்கும்போது முன்பக்கத்தில் 'தூலேன்' இருக்கிறதா, பின்பக்கத்தில் ஒரே ஒரு சேர்மானம்தான் இருக்கிறதா என்று இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். குலா மெலாக்காவின் பட்டியலில் தென்னம்பாளையின் பதநீரான 'நீரா'வுக்கு முன்னால் 'குலா' என்று நின்றால், நீங்கள் வாங்குவது பெரும்பாலும் கரும்புச் சீனி.

'செமுலா ஜாடி', அதாவது இயற்கையானது என்ற சொல்லோ வேறு ரகம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம்கூட இதற்கு முறையான விதி எதுவும் வகுக்கவில்லை. எதிர்பாராத செயற்கைப் பொருள் எதுவும் சேர்க்கப்படவில்லை என்பதுதான் அதன் நெடுநாள் கொள்கை; எப்படிப் பதப்படுத்தினார்கள் என்பது அதில் அடங்காது. ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இந்தச் சொல் பேசுகிறது. வந்த வழியில் அதற்கு என்ன ஆனது என்பதைப் பேசுவதில்லை. கொல்லையில் பிடுங்கிய மரவள்ளிக்கிழங்கைவிட இயற்கையானது எது? கசப்பு வகையைச் சரியாக வேகவைக்காமல் தின்றால் அதிலுள்ள லினமாரின் வயிற்றில் சயனைடாக மாறும்.

எடை வரிசை நல்ல விதி. ஆனால் அதிலும் ஒரு சந்து இருக்கிறது. 100 கிராம் ஓட்ஸ் பிஸ்கட்டில் ஓட்ஸ் 30 கிராம், சீனி 14, குளுக்கோஸ் சிரப் 12, தேன் 6, மீதி எண்ணெயும் மற்றவையும் என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் ஓட்ஸ்தான் முதலில் நிற்கும். சீனி, சிரப், தேன் மூன்றையும் கூட்டினால் 32 கிராம்; ஓட்ஸை மிஞ்சிவிட்டது. இனிப்பை மூன்று பெயர்களாகப் பிரித்ததால் எதுவும் முதலிடத்துக்கு வரவில்லை. இதைப் பிடிக்க ஊட்டச்சத்து அட்டவணையில் 'ஜூம்லா குலா', மொத்தச் சீனி, என்ற வரிக்குப் போங்கள். எத்தனை பெயர்களில் வந்தாலும் அங்கே ஒரே எண்ணாகத்தான் விழும். 4 கிராம் என்பது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. எண்ணைப் படிக்கும்போது '100 கிராமுக்கு' என்ற பத்தியைப் படியுங்கள். 'ஒரு பரிமாறலுக்கு' என்பது தயாரிப்பாளர் வசதிக்கு வெட்டிய துண்டு. இரண்டு பிஸ்கட்டோடு நிறுத்துகிறவர்கள் எத்தனை பேர்?

பானங்களில் இந்தக் கணக்கு இன்னும் சூடானது. 1 ஜூலை 2019 முதல், 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள இனிப்புப் பானங்களுக்கு மலேசியாவில் கலால் வரி உண்டு; அப்போது லிட்டருக்கு 40 சென். வரிக்கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்க 4.8 கிராம் போதும். ஆனால் பாட்டில் 500 மில்லி. 4.8 × 5 = 24 கிராம், ஆறு தேக்கரண்டி. நாள் முழுவதற்கும் சேர்த்து 25 கிராமுக்குள் இருந்தால் கூடுதல் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. ஒரு பாட்டிலிலேயே அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. சுகாதார அமைச்சின் 'பிலிஹான் லெபிஹ் சீஹாட்', அதாவது கூடுதல் ஆரோக்கியமான தேர்வு என்ற முத்திரையையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். அதே வகைப் பொருள்களோடு ஒப்பிட்டுக் கொடுப்பது அது. மற்ற இனிப்புப் பானத்தைவிட மேல் என்று பொருள். தண்ணீரைவிட மேல் என்று அல்ல.

'தன்பா பெங்காவெட்', பதனச்சரக்கு இல்லை என்ற வாசகம் உடனடி மீ பொட்டலத்தில் பெரிதாக இருக்கும். உண்மைதான். ஆனால் மீயைக் கொதிக்கும் எண்ணெயில் பொரித்து ஈரத்தை 10 விழுக்காட்டுக்கும் கீழே இறக்கிவிடுகிறார்கள். பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் வேண்டியது கட்டுப்படாத நீர். அதை 0 முதல் 1 வரை ஓர் அளவால் குறிப்பார்கள்: பச்சை இறைச்சி 0.99, தேன் ஏறக்குறைய 0.6. அந்த 0.6க்குக் கீழே எதுவும் வளராது. மீ, பிஸ்கட், முறுக்கு எதற்கும் பதனச்சரக்கே தேவையில்லை. தேவையே இல்லாத ஒன்றைப் போடவில்லை என்று பெருமை பேசுவது, தேங்காயில் எலும்பு இல்லை என்று எழுதி விற்பது மாதிரி. செம்பனை எண்ணெய்ப் பாட்டிலில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்பதும் அதே சாதி; கொலஸ்ட்ரால் விலங்கிலிருந்து வரும் பொருள், எந்தத் தாவர எண்ணெயிலும் அது பேருக்குத்தான். மீயில் பார்க்க வேண்டியது சோடியம். அட்டவணையில் உள்ள மில்லிகிராமை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் எடை. 1,200 என்று போட்டிருந்தால் 3 கிராம் உப்பு. நாளுக்கு 5 கிராம்தான் வரம்பு. தூள் பொட்டலத்தில் பாதியை எடுத்து வைத்துவிட்டால் சோடியம் கணிசமாகக் குறையும்.

'எம்எஸ்ஜி', அதாவது சுவையூட்டியான மோனோசோடியம் குளுட்டமேட், சேர்க்கவில்லை என்று பார்த்தால், பட்டியலில் ஈஸ்ட் சாறு, நீராற்பகுத்த தாவரப் புரதம் இவற்றைத் தேடுங்கள். இரண்டிலும் கட்டற்ற குளுட்டமேட் இருக்கிறது, அஜினோமோட்டோவில் உள்ள அதே மூலக்கூறு. 1908இல் இக்கெடா என்ற ஜப்பானிய வேதியியலாளர் கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்தது. அது நஞ்சல்ல, தக்காளியிலும் உண்டு. பெயரை மாற்றி விற்பதுதான் வேடிக்கை.

இயற்கைச் சாயம் என்ற சொல்லில் சைவக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். இ120 என்ற சேர்க்கைப்பொருள் எண்ணுள்ள சிவப்புச் சாயமான கார்மைன், கோச்சினீல் என்ற பூச்சியை உலர்த்தி நசுக்கி எடுப்பது. நூற்றுக்கு நூறு இயற்கை. மாறாக, இ100 என்றால் நம் மஞ்சளின் குர்க்குமின், இ300 வைட்டமின் சி, இ440 பழத்தின் பெக்டின். எண்ணைக் கண்டதும் பயப்படுவதும் இலைப் படத்தைக் கண்டதும் நம்புவதும் ஒரே தப்பின் இரண்டு முகம்.

இனி உடம்பு இதை எப்படிப் பார்க்கிறது? 1977இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. முழு ஆப்பிள், மசித்த ஆப்பிள், ஆப்பிள் சாறு மூன்றிலும் ஒரே அளவு கார்போஹைட்ரேட். மூன்றும் இயற்கை, மூன்றிலும் சீனி சேர்க்கவில்லை. சாற்றை, முழுப்பழத்தைவிட 11 மடங்கு வேகமாகக் குடித்து முடித்தார்கள். சாறு குடித்தவர்களுக்கு இன்சுலின் கூடுதலாக எகிறியது, பிறகு இரத்தச் சீனி தடாலென்று இறங்கியது, பசியும் சீக்கிரம் வந்தது. காரணம் செல்சுவர். பழத்தில் சீனி ஆயிரமாயிரம் சிறு அறைகளுக்குள் பூட்டியிருக்கிறது. மென்று, கரைத்து, சிறிது சிறிதாகத்தான் வெளியே எடுக்க முடியும். பிழிந்தால் எல்லா அறையும் உடைந்து ஒரே நேரத்தில் குடலுக்கு வந்துவிடும். ஒரு டம்ளர் ஆரஞ்சுச் சாற்றுக்கு மூன்று பழம் வேண்டும். மூன்று பழத்தை ஒரே மூச்சில் உரித்துத் தின்பவர் குறைவு. அதனால்தான் 'சீனி சேர்க்கவில்லை' என்று போட்ட சாற்றின் சீனியையும், தேனின் சீனியையும் உலகச் சுகாதார நிறுவனம் 'கட்டற்ற சீனி' என்றே எண்ணுகிறது.

தானியத்திலும் இதே கதை. கோதுமை மணியில் தவிடு ஏறக்குறைய 15 விழுக்காடு, முளை 2 அல்லது 3, மீதி மாவுப்பகுதி. மாவை நைஸாக அரைக்க அரைக்க நொதிகளுக்கு மேற்பரப்பு கூடும். மாவுச்சத்து சீக்கிரம் சீனியாகும். பழுப்பு நிற ரொட்டி என்றால் முழுத்தானியம் என்று நினைக்க வேண்டாம்; கேரமல் நிறமோ மொலாசஸோ போதும். 'பலதானியம்' என்பதும் தானியங்களின் எண்ணிக்கையைத்தான் சொல்லும். ரொட்டிக்கு ஒரு கைக்கணக்கு: 100 கிராமில் உள்ள கார்போஹைட்ரேட்டை நார்ச்சத்தால் வகுங்கள். 10 அல்லது அதற்குக் கீழே வந்தால் தேவலை. 48ஐ 6ஆல் வகுத்தால் 8, எடுக்கலாம். 50ஐ 2ஆல் வகுத்தால் 25, வெள்ளை ரொட்டியேதான்.

2019இல் அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை உள்ளேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் மிகைப்பதன உணவு, இரண்டு வாரம் குறைவாகப் பதப்படுத்திய உணவு. தட்டில் வைத்த கலோரி, சீனி, கொழுப்பு, நார்ச்சத்து இரண்டிலும் சமம், விரும்பிய அளவு உண்ணலாம். மிகைப்பதன உணவில் நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. இரண்டே வாரத்தில் சராசரியாக 0.9 கிலோ ஏறியது. மென்மையான உணவு வேகமாக இறங்கிவிடுவது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களிடம் விகிதம் எல்லாரையும்விட அதிகம். இந்த நாட்டில் இதை எளிதாகக் கடந்து போக முடியாது.

அதற்காகப் பதப்படுத்தியது எல்லாமே ஆகாது என்றில்லை. சாவ் பாவுலோ பல்கலைக்கழகத்தின் கார்லோஸ் மொன்டேரோ வகுத்த நோவா முறையில் நாலு வகுப்பு: அரிசி, கீரை, முட்டை, பால் முதலாவது, எண்ணெய், உப்பு, சீனி இரண்டாவது, கருவாடு, டின் சார்டின் மூன்றாவது, வீட்டு அடுப்படியில் இல்லாத பொருள்களைக் கொண்டு கட்டிய நக்கெட்டும் பொட்டல மீயும் நாலாவது, அதாவது மிகைப்பதன உணவு. முழுத்தானியப் பொட்டல ரொட்டியையும் கோலாவையும் ஒரே கூடையில் போடுவது இந்த முறையின் முரட்டுத்தனம். ஆனாலும் கடைத்தட்டின் முன்னால் நிற்கிறவருக்கு அதிலிருந்து ஒரு கேள்வி கிடைக்கிறது: இந்தப் பட்டியலில் உள்ளது என் அடுப்படியில் இருக்கிறதா? டின் சார்டினில் மீன், தக்காளி, உப்பு, கொஞ்சம் மாவு, தாராளமாக வாங்கலாம். பெட்டியில் வரும் சாந்தானில், அதாவது தேங்காய்ப்பாலில், தேங்காய், தண்ணீர், அவற்றைப் பிரியாமல் பிடித்துவைக்கும் பால்மமாக்கி. அவசரத்துக்குப் பரவாயில்லை, சந்தையில் துருவித் தரும் தேங்காய் கிடைக்கும் நாளில் தேவையில்லை. மிளகாய், மல்லி வாங்கிக் காயவைத்து மில்லில் அரைத்தால் மசாலாத்தூளின் பட்டியலே ஒற்றை வரியாகிவிடும். கொல்லை முருங்கைக்கும் வல்லாரைக்கும் பட்டியலே கிடையாது.

தேனுக்குத் தீக்குச்சிச் சோதனை, தண்ணீரில் சொட்டுவிடும் சோதனை இரண்டையும் விட்டுவிடுங்கள். கெட்டியான சிரப்பும் அதில் தேறும். கொடுக்கில்லாத கெலுலுட் தேனீயின் தேனோ இயல்பிலேயே நீர்த்தது, புளிப்பானது, நல்ல தேனாக இருந்தும் தோற்றுவிடும். அதற்கு எம்எஸ் 2683:2017 என்ற மலேசியத் தரமே தனியாக இருக்கிறது. போத்தலில் அதைத் தேடலாம்.

பட்டியலே ஒட்டாத இடம் கோப்பிக்கடை. தே தாரேக் என்ற ஆற்றிய பால்தேநீரில் ஊற்றுவது பெரும்பாலும் பால் அல்ல, 'கிரிமர் மானிஸ்': சீனி, பால் திடப்பொருள், செம்பனை எண்ணெய். இரண்டு மேசைக்கரண்டி, 40 கிராம், விழுந்தால் ஏறத்தாழ 20 கிராம் சீனி. தண்ணீர் கலக்கும் முன்பே 'கூராங் மானிஸ்', இனிப்பைக் குறையுங்கள் என்று சொல்லிவிட வேண்டும். ஆற்றிய பிறகு சொல்லிப் பயனில்லை. 'தே ஓ கோசோங்' என்றால் தேயிலையும் வெந்நீரும் மட்டும்.