கூசாத வெளிச்சமும் கண்ணைச் சுடும்

சேலம்–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டித் தருமபுரியிலிருந்து ஓசூர் வரைக்கும் கிரில் பட்டறைகளும் லேத்துகளும் லாரி பழுதுபார்க்கும் கூடங்களும் வரிசையாக இருப்பதால், இந்தப் பகுதியில் கண் மருத்துவம் பார்க்கும் எங்களுக்கு ஒரு வகை நோயாளி நன்றாகப் பழக்கமானவர். அவர் பெரும்பாலும் இரவில்தான் வருவார். இரண்டு கண்களையும் ஈரத் துண்டால் பொத்திக்கொண்டு, யாராவது கையைப் பிடித்து அழைத்துவர, “கண்ணுல மண்ண வாரிக் கொட்டுன மாதிரி இருக்குதுங்க டாக்டர்” என்பார். விசாரித்தால், பல நேரங்களில் அவர் வெல்டிங் வைத்தவராக இருக்கமாட்டார். வெல்டருக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற உதவியாளாகவோ, தன் வீட்டு கேட்டுக்கு வேலை நடப்பதை அருகில் நின்று கவனித்த வீட்டுக்காரராகவோ இருப்பார். “வெளிச்சத்த நேரா பாக்கவே இல்லீங்க, மூஞ்சியத் திருப்பிக்கிட்டுதான் நின்னேன்” என்று அவர் சொல்வதில் பொய் ஏதும் இல்லை. கண் கூசும் அளவுக்கு அவர் பார்க்கவில்லை என்பதும், கண் வெந்துபோயிருக்கிறது என்பதும் இரண்டுமே உண்மை.

ஒளியால் வரும் தீங்கை அதன் பிரகாசத்தை வைத்து எடைபோடுவது நம் எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. கூசினால் ஆபத்து, கூசாவிட்டால் ஆபத்தில்லை என்று நினைக்கிறோம். அந்தக் கணக்கு தவறு என்பதையும், அது ஏன் தவறு என்பதையும் விளக்கவே இதை எழுதுகிறேன்.

வானொலி அலை, மைக்ரோவேவ், அகச்சிவப்புக் கதிர், கண்ணுக்குத் தெரியும் ஒளி, புற ஊதாக் கதிர், எக்ஸ்ரே, காமா கதிர் ஆகிய அனைத்தும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மின்காந்த அலைகள். ஒளியும் அத்தகைய அலையே என்பதை ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1865இல் வெளியான தம் கட்டுரையில் கணித வழியாக நிறுவினார். வெற்றிடத்தில் இவை எல்லாம் நொடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் என்ற ஒரே வேகத்தில் செல்கின்றன. வேறுபடுவது அலைநீளம் மட்டும்தான். நம் கண் அறிவது இந்தப் பெரிய நிறமாலையில் ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒரு குறுகிய துண்டை மட்டுமே. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். அந்தத் துண்டுக்கு வெளியே எவ்வளவு கதிர் வந்து கொட்டினாலும் கண்ணுக்கு அது இருட்டுதான்.

இருட்டாகத் தெரியும் அந்த இரு புறங்களிலும் என்ன இருக்கிறது என்பதை இரண்டு எளிய சோதனைகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் காட்டின. 1800இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியைப் பட்டகத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தபோது, சிவப்புக்கு அப்பால் எந்த நிறமும் தெரியாத இடத்தில் வெப்பம் கூடுதலாக இருந்தது. 1801இல் யோஹான் ரிட்டர், ஒளி பட்டால் கறுக்கும் வெள்ளிக் குளோரைடை வைத்துச் சோதித்தபோது, ஊதாவுக்கு அப்பால் எதுவும் தெரியாத இடத்தில் அது மற்ற இடங்களைவிட விரைவாகக் கறுத்தது. சிவப்புக்கு அப்பால் உள்ளது சூடேற்றுகிறது. ஊதாவுக்கு அப்பால் உள்ளது வேதிமாற்றத்தை உண்டாக்குகிறது. என்னிடம் வரும் ஒளிக் காயங்களில் மிகப் பலவற்றை இந்த இரண்டில் ஒன்றில் அடக்கிவிட முடியும் என்பதால், அந்தச் சோதனைகளை எண்ணி நான் இன்றும் வியப்பதுண்டு.

இந்த வேறுபாட்டுக்கான காரணம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தெளிவாயிற்று. 1900இல் மாக்ஸ் பிளாங்க் தொடங்கி வைத்த கருத்தை 1905இல் ஐன்ஸ்டைன் விரிவுபடுத்தி, ஒளி தன் ஆற்றலைச் சிறுசிறு பொட்டலங்களாகவே கொடுக்கிறது என்றார். இன்று அவற்றை ஃபோட்டான் என்கிறோம். அலைநீளம் குறையக் குறைய ஒரு ஃபோட்டானின் ஆற்றல் கூடும். 700 நானோமீட்டர் சிவப்பு ஒளியின் ஃபோட்டானுக்கு ஏறக்குறைய 1.8 எலக்ட்ரான் வோல்ட்டும் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு இது), 400 நானோமீட்டர் ஊதாவுக்கு 3.1 எலக்ட்ரான் வோல்ட்டும், கிருமி கொல்லும் விளக்குகளில் பயன்படும் 254 நானோமீட்டர் புற ஊதாவுக்கு 4.9 எலக்ட்ரான் வோல்ட்டும் இருக்கின்றன. உயிர்ப்பொருள்களில் நிறைந்துள்ள கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பின் வலிமை ஏறக்குறைய 3.6 எலக்ட்ரான் வோல்ட். ஆகவே எவ்வளவு பிரகாசமான சிவப்பு விளக்காக இருந்தாலும் அதன் ஒரு ஃபோட்டானால் அந்தப் பிணைப்பை அறுக்க முடியாது. மங்கலான புற ஊதா விளக்கின் ஒரே ஃபோட்டானுக்கு அந்த வலிமை உண்டு. வெயிலில் கிடக்கும் பிளாஸ்டிக் குடம் சில ஆண்டுகளில் நொறுங்கிப்போவதும், ஓசூர் பக்கத்து ரோஜாத் தோட்டங்களின் பசுமைக்குடில்களுக்குப் புற ஊதாவைத் தாங்கும் மருந்து கலந்த விரிப்பைத் தேடி வாங்குவதும் இந்தக் காரணத்தால்தான்.

இனிக் கண்ணுக்கு வருவோம். கண்ணின் ஒவ்வொரு படலமும் நிறமாலையின் வெவ்வேறு பகுதியை விழுங்குகிறது. ஏறக்குறைய 295 நானோமீட்டருக்குக் கீழான கதிரைக் கருவிழியின் முன்படலமே தடுத்துக்கொள்கிறது. அதாவது, அடியையும் அதுவே வாங்கிக்கொள்கிறது. அதற்கு மேல் 400 வரை உள்ள புற ஊதாவின் பெரும்பகுதியைக் கண்ணின் லென்ஸ் ஏற்கிறது. 400 முதல் 1400 நானோமீட்டர் வரை, அதாவது கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அதை அடுத்த அகச்சிவப்பும், விழித்திரை வரை சென்று சேர்கின்றன. சூரியனிலிருந்து வரும் 280 நானோமீட்டருக்குக் கீழான புற ஊதாவை வளிமண்டலமும் அதன் ஓசோன் படலமும் முற்றிலுமாகத் தடுத்துவிடுவதால், நம் கண்கள் இயற்கையில் அதைச் சந்திப்பதே இல்லை. வெல்டிங் ராடின் நுனியில் எரியும் மின்வில் அதே கதிரைக் கைக்கெட்டும் தூரத்திலிருந்து வீசுகிறது. இடையில் ஓசோன் படலம் எதுவும் இல்லை.

கதிர் பட்டவுடனே வலிக்காது என்பதுதான் இதில் பெரிய சிக்கல். கருவிழியின் மேற்பரப்புச் செல்கள் சேதமடைந்து உதிரத் தொடங்க, வழக்கமாக 6 முதல் 12 மணி நேரம் ஆகும். பகலில் பட்ட அடி, சாப்பிட்டுப் படுத்த பிறகு வலியாக எழுகிறது. அதனால் பலர் தூசி விழுந்துவிட்டது, உடம்புச் சூடு, மெட்ராஸ் ஐ ஒட்டிக்கொண்டது என்று வேறு காரணங்களைத் தேடுகிறார்கள்.

இதைக் கண்டறியும் முறையும் ஒளியின் இயல்பைச் சார்ந்ததுதான். ஃபுளோரசின் என்ற ஆரஞ்சு நிறச் சாயம் தோய்ந்த காகிதப் பட்டையின் நுனியைக் கீழிமையின் உட்புறத்தில் தொட்டு எடுத்தால், சாயம் கண்ணீரில் கரைந்து பரவும். பிறகு நுண்ணோக்கி விளக்கில் நீல வடிகட்டியைப் போட்டுப் பார்ப்போம். சாயம் நீல ஒளியை விழுங்கிப் பச்சை ஒளியாகத் திருப்பித் தருகிறது. செல்கள் உதிர்ந்த இடத்தில் எல்லாம் சாயம் தங்கிவிடுவதால், இருட்டறையில் கருவிழியின் நடுவே, இமைகளுக்கு இடையே திறந்திருந்த பட்டையில் மட்டும், நூற்றுக்கணக்கான பச்சைப் புள்ளிகள் ஒளிரும். மேலிமை மூடியிருந்த பகுதி பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். கதிர் எந்த வழியாக வந்தது என்பதை அந்தப் பட்டையே காட்டிவிடும்.

நல்ல செய்தி என்னவென்றால், கருவிழியின் மேற்படலம் விரைவாக வளரக்கூடியது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள்களில் குணமாகிவிடும். வலிமாத்திரை, வழவழப்புச் சொட்டு மருந்து, தேவைப்பட்டால் தொற்றைத் தடுக்கும் களிம்பு, ஓய்வு ஆகியவை போதும். கெடுதல் பெரும்பாலும் வீட்டு வைத்தியத்தில் தொடங்குகிறது. தாய்ப்பால் விடுவதையும், நந்தியாவட்டைப் பூச்சாறு பிழிவதையும் இங்கே இன்னமும் காண்கிறேன். பரிவோடு செய்வதுதான் என்றாலும், மேற்படலம் உதிர்ந்த கண்ணில் தூய்மையற்ற எதை விட்டாலும் பாக்டீரியாவும் பூஞ்சையும் உள்ளே புக வழி திறந்திருக்கிறது. பூஞ்சைப் புண் ஆறினாலும் வெண்தழும்பை விட்டுப் பார்வையைக் குறைத்துவிடக்கூடும். அதைவிட ஆபத்தானது, மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தைக் கடையில் கேட்டு வாங்கி மணிக்கொரு முறை விடுவது. வலி உடனே அடங்கும். ஆனால் மேற்படலம் வளர்வது தடைப்பட்டுப் புண் ஆழமாகும். மருத்துவமனையில் பரிசோதனைக்காக ஒரு சொட்டு விடுவோமே தவிர, அதை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பமாட்டோம்.

பட்டறைக்குப் போகாதவர்களுக்கும் இதில் செய்தி உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரு மாவட்டங்களும் நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 12 பாகை வடக்கே இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்தை ஒட்டியும் ஆகஸ்ட் 20ஐ ஒட்டியும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. ஏப்ரல், மே மாதங்களில்தான் மாங்காய் பறிப்பும் மும்முரமாக நடக்கிறது. அண்ணாந்து பார்த்தபடி நாள் முழுக்க வேலை செய்கிறார்கள். வெயில் சுடுகிறதா என்பதை வைத்துப் புற ஊதாவை அறிய முடியாது, ஏனெனில் சூடாக நாம் உணர்வது அகச்சிவப்பையும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும்தான். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூர், தளிப் பகுதிகளில் காற்று குளிர்ந்திருந்தாலும், உயரம் கூடக்கூடப் புற ஊதா கூடத்தான் செய்யும். ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய 10 விழுக்காடு என்பது பொதுவான கணக்கு. வயல் வேலை செய்பவர்களின் வெண்விழியிலிருந்து கருவிழியை நோக்கி மூக்குப் பக்கமாக வளரும் சதைக்கும், கண்புரையின் ஒரு வகைக்கும், ஆண்டுக்கணக்கில் சேரும் இந்தக் கதிருடன் தொடர்பு உண்டு. அகன்ற விளிம்புள்ள தொப்பியும், 400 நானோமீட்டர் வரை தடுக்கும் கண்ணாடியும் உதவும். கண்ணாடி கறுப்பாக இருப்பது மட்டும் போதாது. புற ஊதாவைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடி, கண்பாப்பாவை விரியச் செய்து கதிரைக் கூடுதலாக உள்ளே விட்டுவிடும். கடையில் “யூவி 400” என்று குறித்திருக்கிறதா என்று கேளுங்கள். சோதனைக் கருவி வைத்திருக்கும் கடை என்றால் அதில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

விழித்திரைக்கு வலி உணரும் நரம்பு கிடையாது. 2019 டிசம்பர் 26 அன்று வளையச் சூரிய கிரகணம் தமிழகத்தின் சில மாவட்டங்களில் முழு வளையமாகவும் நம் பகுதியில் பகுதியாகவும் தெரிந்தது. கிரகணத்தின்போது வெளிச்சம் குறைவதால் கண் கூசாமல் நெடுநேரம் பார்க்க முடிகிறது. வெறுங்கண்ணால் அப்படிப் பார்ப்பவருக்கு நடுப்பார்வையில் நிலையான கரும்புள்ளி விழக்கூடும். எக்ஸ்ரே பிலிமும் கறுப்புக் கண்ணாடியும் இதற்குத் தடுப்பு ஆகா. 2027 ஆகஸ்ட் 2 அன்று இந்தியாவின் பெரும்பகுதியில் பகுதி கிரகணம் தெரியவிருப்பதால், பிள்ளைகளுக்கு ஐஎஸ்ஓ 12312-2 தரமுள்ள கிரகணக் கண்ணாடியை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது.

இதற்கு நேர்மாறாக, அஞ்ச வேண்டாதவற்றைப் பார்த்து அஞ்சுபவர்களையும் காண்கிறேன். செல்போன் கோபுரத்தின் 2 கிகாஹெர்ட்ஸ் அலையின் ஃபோட்டானுக்குப் பத்து லட்சத்தில் எட்டுப் பங்கு எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல்தான் உண்டு. எந்த வேதிப் பிணைப்பையும் அறுக்க அது போதாது. திரையின் நீல ஒளிக்கு அஞ்சிச் சிறப்புக் கண்ணாடிக்குச் செலவிடுகிறார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட திறனாய்வு, அத்தகைய கண்ணாடிகள் குறுகிய காலத்தில் கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே கூறியது. அந்தப் பணத்தைப் பட்டறைக் கவசத்துக்குச் செலவிடலாம் என்பது என் கருத்து.

மின்வில் வெல்டிங்குக்குப் பொதுவாக 10 முதல் 13 வரை கறுமை எண்ணுள்ள கண்ணாடி வேண்டும். மின்னோட்டம் கூடினால் எண்ணும் கூட வேண்டும். “டாக் வைக்கிறதுக்கு எதுக்குங்க ஷீல்டு” என்பார்கள். டாக் என்பது துண்டுகளை நிறுத்திவைக்கப் போடும் சிறு புள்ளி வெல்டிங். ஒவ்வொரு டாக்கும் ஒரு நொடிதான் என்றாலும், மேற்படலத்தில் ஏறும் சேதம் அன்று முழுவதும் கூடிக்கொண்டே போகிறது. உதவியாளுக்கும் தனிக் கவசம் கொடுக்க வேண்டும். அது இல்லாத நேரத்தில், பக்கவாட்டையும் மறைக்கும் நிறமற்ற பாலிகார்பனேட் கண்ணாடியாவது அணியட்டும். பளிங்குபோலத் தெரிந்தாலும் அது புற ஊதாவை ஏறக்குறைய முழுமையாகத் தடுத்துவிடும், மின்வில்லை நேராகப் பார்க்க மட்டும் அது போதாது. எவர்சில்வர், அலுமினியத் தகடுகளில் பட்டுத் தெறிக்கும் கதிரும் கண்ணைச் சுடும் என்பதால், தெருவோரப் பட்டறைகளில் வேலை இடத்தைச் சுற்றித் தடுப்புத் திரை கட்டுவது போவோர் வருவோருக்கும் பாதுகாப்பு.

கடைசியாக, பட்டறையில் இருப்பவர்கள் அறிய வேண்டிய ஒரு வேறுபாடு. இரண்டு கண்களும் சில மணி நேரம் கழித்து ஒருசேர எரிந்தால், பெரும்பாலும் அது வெல்டிங் வெளிச்சம். ஒரு கண் மட்டும், அதுவும் கிரைண்டிங் செய்யும்போதே உறுத்தத் தொடங்கினால், இரும்புத் துகள் பதிந்திருக்க வாய்ப்பு அதிகம். அதைத் துணி முனையாலோ தீக்குச்சியாலோ எடுக்க முயலாமல், கண்ணைக் கசக்காமல் அன்றே வந்துவிடுங்கள். இரும்பு தங்கிவிட்டால் ஓரிரு நாளிலேயே கருவிழியில் துரு வளையம் படிந்து, அதையும் தனியாகச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். எந்த வகையானாலும் மூன்று நாளுக்கு மேல் வலி நீடித்தாலோ, பார்வை மங்கினாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ, மருந்துக் கடைக்குப் போகாமல் நேராகக் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.