பாய்சன் ஓக்: கொப்புளத்து நீர் பரப்பாது

"டாக்டர், கொப்புளம் உடைஞ்சு தண்ணி பட்ட இடமெல்லாம் பரவுது." கலிஃபோர்னியாவின் பே ஏரியா மலைப்பாதைகளில் நடந்து, பாய்சன் ஓக் என்ற அரிப்புச் செடி பட்டு வரும் நம் ஆட்கள் அத்தனை பேரும் இதையேதான் சொல்கிறார்கள். போன வாரம் வந்தவர், ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து கைக்குழந்தையைத் தூக்கவே இல்லையாம். ஆனால் அவர் செடி வெட்டிய கத்தரியும் கையுறையும் கழுவாமல் கராஜில் கிடக்கின்றன. குழந்தை தவழ்ந்து போய்த் தொடும் உயரத்தில்!

கொப்புளத்து நீர் உங்கள் உடம்பு சுரப்பது. அதில் விஷம் இல்லை. அரிப்பைக் கிளப்புவது அந்தச் செடியில் இருக்கும் உருஷியால் என்ற எண்ணெய். சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டால் அந்தத் தோலிலிருந்து யாருக்கும் ஒட்டாது. பிறகு ஏன் நாளுக்கொரு இடத்தில் வருகிறது? எண்ணெய் அதிகம் பட்ட இடத்திலும் மெல்லிய தோலிலும் ஓரிரு நாளில் கோடு கோடாகக் கிளம்பும். தடித்த தோலில் சில நாள் கழித்துத்தான் தலைகாட்டும். அந்தத் தாமதத்தைத்தான் பரவுகிறது என்கிறீர்கள். இல்லையென்றால் ஷூ லேஸ், நாயின் ரோமம், கார் ஸ்டியரிங் என்று எதிலோ எண்ணெய் மிச்சம் இருக்கிறது, திரும்பத் திரும்பத் தொடுகிறீர்கள். அது மாதக்கணக்கில் வீரியம் குறையாது.

ஊரில் துணிக்குக் குறி போடும் சேராங்கொட்டையும் மாவும் முந்திரியும் இதே குடும்பம்தான். மாங்காய்ப் பால் பட்டால் உதடு புண்ணாகிறவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். "முன்னாடி தொட்டப்போ ஒண்ணும் ஆகலையே" என்ற தைரியம் வேண்டாம். உடம்பு அதை அடையாளம் கண்டுகொண்டால் அடுத்த முறை விடாது.

பாய்சன் ஓக்கை எப்படி அடையாளம் காண்பது? ஒரு காம்பில் மூன்று இலை, நடு இலைக்கு மட்டும் நீளக் காம்பு, விளிம்பு ஓக் இலைபோல நெளிந்திருக்கும். பிளாக்பெர்ரிக்கும் மூன்று இலை வரும், ஆனால் அதில் முள் உண்டு. கோடை முடியும்போது இலை சிவக்கும், பிள்ளைகள் அழகாக இருக்கிறதென்று பறிப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்து மொட்டைக் குச்சியிலும் எண்ணெய் உண்டு.

தோட்டத்தில் முளைத்திருந்தால் தயவுசெய்து எரிக்காதீர்கள். புகையோடு எண்ணெய் நுரையீரலுக்குப் போகும். மேலே மட்டும் வெட்டினால் திரும்பத் தளிர்க்கும். மழைக்குப் பின் மண் ஈரமாக இருக்கும்போது 8 அங்குலம் தோண்டி வேரோடு எடுங்கள். லேடெக்ஸ் கையுறையை எண்ணெய் ஊடுருவிவிடும், தடித்த வினைல் கையுறை வாங்குங்கள். முழுக்கைச் சட்டை கட்டாயம். புதர் பெரிதென்றால் ஆள் வைத்துச் செய்யுங்கள்.

பட்டுவிட்டதா? பத்து நிமிடத்துக்குள் கழுவினால் நல்லது. பாத்திரம் கழுவும் சோப்பும் குளிர்ந்த நீரும் போதும், துணியால் அழுத்தித் தேய்த்து, நகக்கண் வரை. உடுத்திய துணியைத் தனியாகத் துவையுங்கள். கத்தரியையும் நாயையும் கையுறை போட்டுக்கொண்டு கழுவுங்கள்.

சக மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை: கடுமையான பாதிப்புக்கு ஆறு நாளில் தீரும் ஸ்டீராய்டு மாத்திரை அட்டையை எழுதாதீர்கள். நிறுத்தியதும் திரும்பக் கிளம்பி எங்களிடம் வருகிறார்கள். இரண்டு மூன்று வாரம் கொடுத்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

முகமோ கண்ணோ வீங்கினால் அன்றே டாக்டரைப் பாருங்கள். புகை பட்டு மூச்சுத் திணறினால் உடனே 911.