சி.எஃப்.-இலேயே ஏ, பி கண்டுபிடிக்காதீர்கள்

இந்த செமஸ்டர் விடைத்தாள்களிலும் அதே தவறு. வகுப்பில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

வகைக்கெழுச் சமன்பாட்டுக் கணக்குதான், எளிது: ஒய்″ + 4ஒய் = 8. தொடக்கத்தில், அதாவது நேரம் டி = 0 என்னும்போது, ஒய் = 0, ஒய்′ = 0. சி.எஃப்.-ஐ (வலப்பக்கத்தை 0 ஆக்கினால் வரும் பொதுத் தீர்வு; ஏ, பி மாறிலிகள்) ஏ காஸ் 2டி + பி சைன் 2டி என்று சரியாகவே எழுதுகிறார்கள். அடுத்த வரியிலேயே தொடக்க மதிப்புகளைப் போட்டு ஏ, பி இரண்டும் 0 என்கிறார்கள். பிறகு பி.ஐ. (வலப்பக்கம் 8-ஐத் தரும் தனித் தீர்வு) 2-ஐக் கூட்டி, ஒய் = 2 என்று கட்டம் கட்டிவிடுகிறார்கள்.

அந்த விடையில் டி = 0 போட்டுப் பாருங்கள். 2 வருகிறது. கொடுத்ததோ 0. சில வினாடி வேலை இது, செய்தால் என்ன?

"ஏ, பி சி.எஃப்.-இல்தானே இருக்கிறது, அங்கேயே போடலாமே சார்" என்பார்கள். போடக் கூடாது. தொடக்க நிபந்தனை சி.எஃப்.-க்குக் கொடுத்ததல்ல, ஒய்-க்குக் கொடுத்தது. ஒய் என்பது சி.எஃப்.-உம் பி.ஐ.-உம் சேர்ந்த முழு விடை. பி.ஐ. 2 என்று நிற்கும்போது மொத்தம் 0 ஆக வேண்டுமானால் சி.எஃப். தொடக்கத்தில் −2 ஆக இருந்தே தீர வேண்டும். ஆகவே ஏ = −2, பி = 0. ஒய் = 2 − 2 காஸ் 2டி. சில கணக்குகளில் பி.ஐ.-உம் அதன் வகைக்கெழுவும் தொடக்கத்தில் 0 ஆகிவிடும். அங்கே தவறான வழியிலும் சரியான விடை வந்துவிடுவதால் இந்தப் பழக்கம் கண்ணில் படாமலே ஊறிப்போகிறது.

போவது மதிப்பெண் மட்டுமல்ல. சுருள்வில்லில் ஒரு எடையை மாட்டிச் சட்டென்று கையை எடுத்தால் வருவது இதே சமன்பாடுதான். தவறான விடைப்படி வில் 2 அலகு இறங்கி அசையாமல் நிற்கிறது. உண்மையில் அது 4 வரை போய்த் திரும்பும். திடீர்ச் சுமையில் தகைவு (ஸ்ட்ரெஸ்) இரட்டிப்பாகும் என்று ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் படிக்கிறீர்களே, அது இங்கிருந்துதான் வருகிறது. சிவில், மெக்கானிக்கல் பிள்ளைகள் இதை விட்டுவிட்டு வேலைக்குப் போகக் கூடாது.

வலப்பக்கம் சைன் 2டி என்று வந்தால், பி.ஐ. காணும் குறுக்குவழி ஃபார்முலாவில் பகுதி (டினாமினேட்டர்) பூஜ்யமாகும். உடனே "தீர்வு இல்லை" என்று எழுதாதீர்கள். தீர்வு உண்டு: −(டி/4) காஸ் 2டி. வீச்சு வளர்ந்துகொண்டே போகும் ஒத்ததிர்வு அது.

வலப்பக்கம் டேன், செக் வந்தால் விடையை ஊகித்துக் கெழுக்களைத் தேடாதீர்கள். வேரியேஷன் ஆஃப் பாராமீட்டர்ஸுக்குப் (ஏ, பி-யை மாறிலிகளாக வைக்காமல் டி-யின் சார்புகளாக எடுக்கும் முறை) போங்கள். ஒய்″-இன் கெழு 1 இல்லையென்றால், தயவுசெய்து, முதலில் அதால் வகுத்துவிட்டு ஃபார்முலாவைத் தொடுங்கள்.